நைனாவின் அம்பாசடரும் 18,400 ரூபாய் டிக்கெட்டும்

2025 டிசம்பர் 5-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நைனாவின் (அப்பாவின்) அம்பாசடரை ஆர்.சி. (பதிவுச் சான்று) ரெனிவலுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். 1985 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. 1996-ல் இரண்டாம் கையாக வாங்கியது. முதல் 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்பதால் இது ஆறாவது ரெனிவல். ஆறு தடவையும் நைனாதான் ஓட்டிக்கொண்டு போனார். 2020-ல் கட்டிய கட்டணம் 600 ரூபாய். இந்தத் தடவை 10,000 ரூபாய்.

காட்டுவதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டு வாசலில் வேலை நடந்தது. நைனா வேலூர் தோட்டப்பாளையத்தில் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை விட்டாலும் கை சும்மா இருக்காது. மெக்கானிக் பாய் வந்து நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக் ஷூவுக்கு லைனிங் மாற்றினார். கிங்பின்னுக்கு கிரீஸ் அடித்தார்கள். வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர், எல்லா லைட்டும் பார்த்தாயிற்று. சேஸ் நம்பர் மேல் காகிதம் வைத்து நைனாவே பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஒரு எழுத்து மங்கலாக விழுந்ததென்று கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். பரீட்சைக்குப் போகிற பையனுக்கு அம்மா தலை வாரிவிடுகிற மாதிரி இருந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். மரியாதையானவர், அவசரப்படவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தார், நம்பரை ஒத்துப் பார்த்தார், ஓட்டச் சொல்லி சட்டென்று பிரேக் போடச் சொன்னார். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. "ஐயா, நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். நைனா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது கிரீன் சர்க்கிள் வரைக்கும் பேசவேயில்லை. சிக்னலில் நின்றபோது கேட்டார்: "நல்லா கீதுன்னு அவரே சொல்றாரு. அப்பறம் பத்தாயிரம் இன்னாத்துக்குடா?"

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய காருக்கு ரெனிவல் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு அதை 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டிகளை ஜனங்கள் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். "ஓ, வயசுக்கா" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார். அந்த இரண்டு வார்த்தைதான் இன்றுவரை என்னை விடவில்லை.

வயசு வேறு, நிலைமை வேறு

புகை விஷயத்தில் நான் கண்ணை மூடிக்கொள்ள விரும்பவில்லை. நைனாவின் வண்டி கார்புரேட்டர் வண்டி. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற பி.எஸ். 6 காரோடு வைத்துப் பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு இது விடுகிற புகை பல மடங்கு அதிகம்தான். ஆனால் அதை அளக்கப் புகைச் சோதனை இருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய வண்டிக்குப் பசுமை வரியும் தனியாக உண்டு. வண்டி மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதும் ஒரு கணக்கு. எங்கள் அம்பாசடர் வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே போனால் அதிகம். பத்தாயிரம் ரூபாய்க் கட்டணம் இதில் எதையும் பார்ப்பதில்லை. ஆர்.சி. புக்கில் உள்ள ஒரு வருஷத்தை மட்டும் பார்க்கிறது. இருபத்தொரு வயசு வண்டியைச் சோதிக்க இன்ஸ்பெக்டருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, பதினாறு வயசு வண்டிக்கும் அவ்வளவுதான் ஆகும். அதிகமாக வாங்குகிற பணம் சோதனைக்கு இல்லை.

எங்களால் கட்ட முடிந்தது. வீட்டு மாடி வாடகையிலிருந்து நைனா எடுத்துக் கட்டினார், என்னிடம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் இதே விதியில் 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு 2,000 ரூபாய். எங்கள் தெருவில் காலையில் கீரைக்கட்டு கொண்டுவருகிறவர், பெயிண்ட் டப்பாவும் ஏணியும் கட்டிக்கொண்டு போகிறவர், வாட்டர் கேன் போடுகிறவர், இவர்களுடைய வண்டியை ஒரு தடவை பார்த்தால் போதும். பாதி வண்டி அந்த வயசுதான். விற்றால் ஐயாயிரம் தேறுமா என்பது சந்தேகம். புது வண்டி வாங்க முடிந்தவன் எப்போதோ வாங்கியிருப்பான். முடியாதவன்தான் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் போய் வயசுக்கு அபராதம் வாங்குகிறோம்.

பழமையான வண்டிக்கு அரசு ஒரு வழி வைத்திருக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி. 50 வயசு தாண்டிய, முதல் வடிவத்திலேயே உள்ள இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். பழைய வண்டிகளை இந்த நாட்டின் சொத்தாக நினைத்து ஒரு விதி எழுதியதே பெரிய விஷயம், அதை மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பதிவில் வந்துவிட்டால் கண்காட்சிக்கும், விண்டேஜ் ஊர்வலத்துக்கும், ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும், ரிப்பேர் பார்க்கவும் மட்டும்தான் ரோட்டுக்குக் கொண்டுவரலாம். காய்கறி வாங்க மண்டித் தெருவுக்குப் போகக் கூடாது. எங்கள் வண்டிக்கு 50 முடிய 2035 ஆக வேண்டும். அப்போது நைனாவுக்கு 81. ஓடுகிற வண்டி என்பதற்காகத்தான் அவர் அதை இத்தனை வருஷம் காப்பாற்றினார். நின்றுகொண்டிருக்கிற வண்டி ஆவதற்கு ஒரு நம்பர் தருகிறேன் என்றால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் வேறு மாதிரி. எம்.ஓ.டி. என்ற சோதனை அங்கே 1960-லிருந்து இருக்கிறது. 2018 மே 20 முதல், 40 வயசு தாண்டிய, கடந்த 30 வருஷத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு அந்த வருடாந்திரச் சோதனையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். தினமும் ஓட்டலாம். வண்டியை ஓட்டத் தகுந்த நிலையில் வைத்திருக்க வேண்டிய கடமை மட்டும் உரிமையாளர் தலையில் அப்படியே இருக்கிறது. நைனாவின் வண்டிக்கு 2025 டிசம்பரில் சரியாக 40. இதை அவரிடம் படித்துக் காட்டினேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அது தப்புடா" என்றார். "பிரேக்கு பார்க்காம எப்படி ரோட்டுல வுடுவான்? பார்க்கணும். வருஷா வருஷம்கூட பார்க்கட்டும்." நானும் அவர் கட்சிதான். ரோலர் மேல் சக்கரத்தை ஓட்டி பிரேக்கை அளக்கிற தானியங்கி சோதனை நிலையங்கள் நம் ஊருக்கும் வரட்டும். சொந்த வண்டி, பழைய வண்டி, எதுவானாலும் அதில் ஏறட்டும். ஆனால் அதில் பாஸான வண்டியைப் பாஸான வண்டியாக நடத்த வேண்டும்.

மார்ச் மாதத்து இரவு

இந்தக் கட்டணத்தைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு விமான டிக்கெட்தான் ஞாபகத்துக்கு வருகிறது. காரணம், 2025 மார்ச்சில் இந்த வண்டி போன ஒரு பயணம்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மாடியில் இரண்டு அறை. இருபது வருஷமாக வங்காளம், ஜார்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வருகிற நோயாளிகளின் குடும்பங்கள்தான் வாடகைக்கு. அன்று இருந்தவர் ஹூக்ளி மாவட்டத்துக் கொன்னகர்க்காரர். அவரை நாங்கள் தாதா என்போம். அவர் நைனாவை அங்கிள் என்பார். அவர் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள். இரவு பத்தரைக்கு மேல் மாடிப்படியில் வேகமாக யாரோ இறங்குகிற சத்தம். ஊரிலிருந்து போன் வந்திருந்தது. அவருடைய அம்மா தவறிவிட்டார்.

மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். காட்பாடியில் ரயில் ஏறினால் ஹவுரா போய்ச் சேர ஒரு நாளைக்கு மேல் ஆகிவிடும். மனைவியைத் துணைக்கு வந்த கொழுந்தியாளிடம் விட்டுவிட்டுத் தனியாகப் பறந்து போவது ஒன்றுதான் வழி. அவர் விரல் நடுங்கியதால் போனை நான் வாங்கிப் பார்த்தேன். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விடியற்காலை விமானத்தில் 14,900 ரூபாய் என்று காட்டியது. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், நான் வருகிறவரை உடம்பை வைத்திருப்பார்களா என்று, என்றார். கேட்டார். பேச முடியாமல் நின்றார். மறுபடி கேட்டார். அந்தப் பேச்சு முடிந்து நான் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனபோது அதே விமானம், அதே சீட்டு, 18,400 ரூபாய். நான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து வெளியே வந்து மறுபடி போனேன். 18,400-தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போனைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். போடுங்கள் என்று கையை மட்டும் அசைத்தார். அது அடுத்த ஸ்கேனுக்கும் மருந்துக்கும் எடுத்து வைத்திருந்த பணம் என்று மறுநாள் அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நைனா ஐயாயிரம் ரூபாய் கொடுக்கப் பார்த்தார். தாதா வாங்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டார். நைனா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியோடு வந்தார்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். அம்பாசடரில் முன் சீட்டு ஒரே பெஞ்சு, கியர் ஸ்டீயரிங் பக்கத்தில். மூன்று பேரும் முன்னாலேயே உட்கார்ந்தோம். அவரைப் பின்னால் தனியாக உட்கார வைக்க மனசு வரவில்லை. வாலாஜா டோல்கேட் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. காவேரிப்பாக்கம் பக்கத்தில் போகும்போது அவர் டேஷ்போர்டைக் கையால் தடவிக்கொண்டே "ஹிந்த்மோட்டர்" என்றார். நாங்கள் புரியாமல் பார்த்தோம். அவர் ஊருக்கும் உத்தர்பாராவுக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையம், அதன் பெயரே ஹிந்த்மோட்டர். அம்பாசடர் செய்த தொழிற்சாலை அங்கேதான். அவருடைய மாமா, அவர்களும் மாமா என்றுதான் சொல்கிறார்கள், அம்மாவின் தம்பி, அந்தத் தொழிற்சாலையில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்தவர். 2014 மே மாதம் தொழிற்சாலை மூடும்வரை அங்கேதான் வேலை. ஷிப்ட் முடிந்து அந்த மாமா வருகிற நேரத்துக்கு அம்மா உலை வைப்பாராம். இதைச் சொல்லும்போதுதான் அன்று இரவு முதல் தடவையாக அவருக்கு அழுகை வந்தது. நைனா வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவர் இந்தி அரைகுறை. "ரோலோ, ரோலோ" என்று என்னவோ சொன்னார். அழுங்கள் என்று சொல்ல நினைத்திருப்பார்.

நாலே கால் மணிக்கு மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டோம். நாற்பது வயசை நெருங்கிய வண்டி நூற்று நாற்பது கிலோமீட்டர் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. பெட்ரோலுக்கு அவர் நீட்டிய நோட்டை நைனா அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்.

வருகிற வழியில் ஸ்ரீபெரும்புதூரில் டீ குடிக்க நிறுத்தினோம். நைனா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "தீபாவளிக்கு ஆம்னி பஸ்காரன் ரேட்டு ஏத்தினா ஆபீசருங்க போய் புடிக்கிறாங்க இல்ல? இவன கேக்க ஆளு கிடையாதா?"

கிடையாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. 1994-ல் அரசு விமானங்களின் ஏகபோகத்தை எடுத்த பிறகு கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. ஆனால் 1937-ஆம் வருஷத்து விமான விதிகளில் 135-ஆவது விதி ஒன்று உண்டு. செலவு, சேவையின் தன்மை, நியாயமான லாபம், பொதுவாக நடப்பிலுள்ள கட்டணம், இவற்றைக் கணக்கில் கொண்டு கட்டணம் வைக்க வேண்டும் என்கிறது. அந்த 'நியாயமான' என்ற சொல்லை நான் பல தடவை படித்தேன். ஒருவர் தம்பியிடம் போனில் பேசுகிற ஏழெட்டு நிமிஷத்தில் விமானத்தின் செலவு 3,500 ரூபாய் ஏறிவிடுவதில்லை. விலை குறைந்த சீட்டுகள் தீர்ந்ததும் அடுத்த படிக்கு ஏறுகிறது, கம்ப்யூட்டர் ஏற்றுகிறது என்பார்கள். அந்தப் படிகளைக் கட்டியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: கடைசி நேரத்தில் வருகிறவன் பேரம் பேச மாட்டான். பழைய வண்டிக்காரனால் புது வண்டி வாங்க முடியாது, அதனால் வயசுக்குப் பணம். தாய் இறந்தவனால் காத்திருக்க முடியாது, அதனால் அவசரத்துக்குப் பணம். முதலாவதை அரசு தானே வாங்குகிறது. இரண்டாவதை வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 6

வண்டியைக் காட்டிவிட்டு வந்த மறுநாள் சனிக்கிழமை. நாடு முழுக்க அந்த வாரம் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாகி, ஜனங்கள் விமான நிலையத் தரையில் படுத்துக்கிடந்தார்கள். மிச்சம் பறந்த விமானங்களில் விலை எங்கேயோ போனது. அன்று மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி. டி.வி.யில் அது ஓடும்போது நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கொல்கத்தா எவ்ளோ தூரம்?" என்றார். வான்வழியில் ஆயிரத்து ஐந்நூறுக்குள்தான் வரும், 15,000 என்றேன். கையை இலையில் வைத்தபடியே இருந்தார்.

நாடே ஸ்தம்பித்த வாரத்தில், அவசரநிலை என்று சொல்லி அரசு வைத்த உச்சவரம்பு அது. எந்தக் கலவரமும் இல்லாத, எல்லா விமானமும் நேரத்துக்குப் பறந்த ஒரு மார்ச் இரவில் தாதா கொடுத்தது, வரியைக் கழித்தாலும், அதைவிட அதிகம். "ஒரே நாள்ல போட முடியுது இல்ல?" என்றார் நைனா. "அன்னிக்கி ஏன் முடியல?"

முடியாத காரியம் இல்லை என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். கொரோனாவுக்குப் பிறகு 2020 மே 25-ல் விமானங்கள் மறுபடி கிளம்பியபோது, பறக்கும் நேரத்தை வைத்து ஏழு பிரிவாகப் பிரித்து, மேலேயும் கீழேயும் வரம்பு வைத்தார்கள். 40 நிமிஷத்துக்குள் என்றால் 2,000 முதல் 6,000 வரை. அது ஏதோ ஒரு வடிவில் 2022 ஆகஸ்ட் 31 வரை இருந்தது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற உடான் திட்டத்திலும், 2017-ல் விமானம் கிளம்பிய நாள் முதல், ஒரு மணி நேரப் பயணத்தில் பாதி சீட்டுக்கு 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் நம் அப்துல்லாபுரம் ஓடுதளத்தையும் பல வருஷமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். பெங்களூர் ரோட்டில் போகும்போதெல்லாம் நைனா அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

வருஷம் முழுக்க எல்லா டிக்கெட்டுக்கும் வரம்பு போடுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அரசு சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. மூன்று மாதம் முன்னால் போடுகிறவனுக்குக் கிடைக்கிற நாலாயிரம் ரூபாய் டிக்கெட் இல்லாமல் போனால் எங்கள் மாடிக்கு வருகிற குடும்பங்களுக்கும் அது நஷ்டம். நான் கேட்பது சின்ன விஷயம். சாவுக்குப் போகிறவனுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற நோயாளிக்கும் ஒரு உச்சவரம்பு. மரணச் சான்றிதழையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ பிறகு காட்டி மிச்சப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி. கனடாவிலும் அமெரிக்காவிலும் சில நிறுவனங்கள் துக்கத்துக்குப் போகிறவர்களுக்கென்றே தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. நம் ரயில்வே புற்றுநோயாளியை ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் வாங்காமல் சிகிச்சைக்கு ஏற்றிச் செல்கிறது. அந்த மனசு இந்த நாட்டில் ஏற்கெனவே ஒரு இலாகாவில் இருக்கிறது.

அதே மாதிரி வண்டிக்கும். பிரேக்கைப் பாருங்கள், புகையைப் பாருங்கள், தேறாத வண்டியை ரோட்டுக்கு விடாதீர்கள். நைனா அந்த அன்றைக்கே வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். தேறிய வண்டியிடம் சோதனைக்கு ஆன செலவை வாங்குங்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தாதா போன் செய்தார். மனைவியை ரிவ்யூவுக்குக் கூட்டி வர வேண்டும், ரயிலில்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன், மாடி அறை காலியா என்று கேட்டார். நைனா போனை என் கையிலிருந்து வாங்கினார். அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் வரேன்" என்று தமிழிலேயே சத்தமாகச் சொன்னார். "வண்டி பாஸாயிடுச்சு. 2030 வரைக்கும்."